செய்தியைச் சுமந்தவரும் செய்தியைச் சொல்பவரும்



வெள்ளி விழா என்றால் கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்ப்பதும், தேர்ச்சி பெற்றோர் தொகையையும் பணியில் அமர்ந்தோர் தொகையையும் எடுத்துரைத்து மகிழ்வதும் வழக்கம். அவற்றையெல்லாம் கழகத்தின் ஆண்டறிக்கை சொல்லும். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் செய்தித் தொடர்பு என்பதாகும். ஒருவர் உள்ளத்தில் தோன்றிய கருத்து மற்றொருவர் உள்ளத்தை எவ்வாறு சென்றடைகிறது? இடையில் அது எங்கே சிதைகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண அறிஞர் பெருமக்கள் சில மாதிரிப் படங்களை வரைந்து காட்டியுள்ளனர். அப்படங்களைப் புரிந்துகொள்வது தேர்வில் மதிப்பெண் பெறுவதற்காக மட்டும் அன்று. நம் சமுதாயம் நெடுங்காலம் எந்த இடத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, இனி எந்த இடத்திற்கு வந்தாக வேண்டும் என்பதை அவை தெளிவாகக் காட்டுகின்றன. அதனாலேயே இப்பொருளைத் தேர்ந்துகொண்டோம்.

இந்த ஆராய்ச்சி நமக்கு முற்றிலும் புதியது அன்று. தொல்காப்பியர் செய்யுளின் உறுப்புகளாக 34 கூறுகளைத் தொகுத்துரைக்கும்போது கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பனவற்றையும் அவற்றுள் சேர்த்துள்ளார். யார் சொல்வது, யார் கேட்பது, எங்கே, எப்பொழுது, என்ன பயன் கருதி என்ற ஐந்தும் அங்கே அடங்கிவிடுகின்றன. திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் உண்டு. கேள்விக்கும் ஓர் அதிகாரம் உண்டு. தூதுக்கும் அவையறிதலுக்கும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டிலும் பேசுவோன், பேச்சு, கேட்போன் என்று மூன்றாகப் பகுத்தே பேச்சுக் கலையை ஆராய்ந்தார்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வாராய்ச்சி ஓர் அறிவியல் துறையாகவே வளர்ந்தது. அமெரிக்க அறிஞர் ஹெரால்டு லாஸ்வெல் 1948ஆம் ஆண்டில் ஐந்து வினாக்களை முன்வைத்தார். சொல்பவர் யார், சொல்லப்படுவது யாது, எந்த வழியில் சொல்லப்படுகிறது, யாருக்குச் சொல்லப்படுகிறது, விளைவு யாது என்பனவே அவை. அதே 1948இல் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாடு ஷானன் என்னும் பொறியியல் அறிஞர் செய்தித் தொடர்பைக் கணித முறையில் விளக்கும் ஆய்வுரையை வெளியிட்டார். மறு ஆண்டில் வாரன் வீவர் என்பவரின் விளக்கத்துடன் அது நூலாகவும் வந்தது.

ஷானனின் படத்தில் ஐந்து இடங்கள் உள்ளன. செய்தி பிறக்கும் மூலம், அதைக் குறிகளாக மாற்றி விடுக்கும் அனுப்பு கருவி, அது செல்லும் வழி, அதை மீண்டும் செய்தியாக மாற்றும் பெறு கருவி, முடிவில் அது சேரும் இடம் என்பன அவை. இவற்றின் நடுவே புகுந்து செய்தியைக் கெடுப்பது எதுவோ அதற்கு இரைச்சல் என்று பெயர்.

இதை விளக்க நமக்கு அயல்நாட்டு எடுத்துக்காட்டு தேவையில்லை. நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே மணிக்கூண்டுடன் விளங்கும் நம் பெரிய மார்க்கெட் போதும். அரசு ஏடுகளில் அது குபேர் அங்காடி. மக்கள் நாவில் என்றும் பெரிய மார்க்கெட். அங்கே மீன் விற்கும் அம்மையார் ஒருவர் வஞ்சிரத்தின் விலையைக் கூவுகிறார் என்று கொள்வோம். விலையை முடிவு செய்த அவர் உள்ளமே மூலம். அதைச் சொல்லாக்கி வெளியிடும் அவர் குரல் அனுப்பு கருவி. காற்று வழி. வாங்க வந்தவரின் செவி பெறு கருவி. அவர் அறிவு செய்தி சேரும் இடம். சுற்றிலும் எழும் கூச்சலும், ஐஸ் பெட்டிகள் இழுபடும் ஓசையும், வீதியில் செல்லும் வண்டிகளின் ஒலியும் இரைச்சல். ‘எழுநூறு’ என்று அவர் சொன்னது ‘இருநூறு’ என்று கேட்குமாயின், குற்றம் சொன்னவரிடமும் இல்லை, கேட்டவரிடமும் இல்லை. இடையிட்ட இரைச்சலில் இருக்கிறது.

இரைச்சலை வெல்ல வழி என்ன? சொன்னதையே மீண்டும் சொல்வது ஒரு வழி. குரலோடு விரலையும் சேர்த்துக் காட்டுவது மற்றொரு வழி. கூறியது கூறல் குற்றம் என்று இலக்கணம் கற்ற நாம், கூச்சலின் நடுவே கூறியது கூறலே காப்பு என்பதையும் ஷானனிடமிருந்து கற்கிறோம்.

அவர் கற்பித்த மற்றொரு பாடமும் உண்டு. கேட்பவரின் ஐயத்தை எது குறைக்கிறதோ அதுவே செய்தி; முன்னரே தெரிந்ததை எத்துணை உரக்கச் சொன்னாலும் அதில் செய்தி இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. அந்நாட்களில் ‘விசைப்படகு மீன் வரவில்லை’ என்று ஒருவர் சொன்னால் அது எவருக்கும் செய்தி ஆகாது. தடையில்லாத ஒரு நாளில் அதே சொற்களைச் சொன்னால் மார்க்கெட் முழுவதும் திரும்பிப் பார்க்கும். சொற்கள் ஒன்றே, செய்தியின் அளவு வேறு.

ஆயினும் ஷானனின் படம் தொலைபேசிக் கம்பிக்காக வரையப்பட்டது. ஒலி பழுதின்றிச் சேர்ந்ததா என்பதே அவர் கவலை. பொருள் பற்றி அவர் ஆராயவில்லை. செய்தி பழுதின்றிச் சேர்ந்ததா, பொருள் புரிந்ததா, கருதிய விளைவு உண்டாயிற்றா என்று மூன்று படிகள் இருப்பதை வீவர் எடுத்துக்காட்டினார். 1954இல் வில்பர் ஷ்ராம் என்னும் அறிஞர் மேலும் ஒன்றைச் சேர்த்தார். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பொதுவான பட்டறிவு எவ்வளவு உண்டோ அவ்வளவே பொருள் விளங்கும் என்றார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்று வழங்குவதைக் குழூஉக்குறி என்று நம் இலக்கணம் சொல்கிறது. அக்குழுவைச் சேராதவர் காதில் அச்சொல் நன்றாகவே விழும்; பொருள்தான் விளங்காது. மார்க்கெட்டுக்கு வரும் பிரெஞ்சுக்காரருக்குத் தமிழ் தெரியாது. காய் விற்பவருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் விரல் கணக்கு இருவருக்கும் பொது. அந்தச் சிறு பொதுநிலத்தின் மேல் நின்று அவர்கள் வணிகத்தை முடித்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு உண்மை பேரம் பேசுவதில் விளங்குகிறது. விலை சொல்பவர் சொல்லிவிட்டு நிற்பதில்லை. வாங்குபவர் முகத்தைப் பார்க்கிறார். வாங்குபவர் குறைத்துக் கேட்கிறார். இப்பொழுது கேட்டவர் சொல்பவராகிறார், சொன்னவர் கேட்பவராகிறார். திரும்பி வரும் இம்மறுமொழியையே பின்னூட்டம் என்கிறார்கள். ஷானனின் படம் ஒருவழிக் கோடு; ஷ்ராமின் படம் ஒரு வட்டம். இளைஞர்கள் இவ்விரண்டையும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், கோட்டுக்கும் வட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டில் நம் முன்னோர் வாழ்வே அடங்கியிருக்கிறது.

டேவிட் பெர்லோ என்னும் அறிஞர் 1960இல் தந்த விளக்கம் நம்மை அவ்விடத்திற்கே அழைத்துச் செல்கிறது. சொல்பவரின் திறமை, மனப்பாங்கு, அறிவு ஆகியவற்றோடு அவர் நிற்கும் சமூக அமைப்பும் பண்பாடும் செய்தியைத் தீர்மானிக்கின்றன என்றார் அவர். கேட்பவருக்கும் இவை பொருந்தும். நம் நாட்டில் அச்சமூக அமைப்பின் பெயர் சாதி என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பறை என்னும் சொல்லுக்கே ‘சொல்’ என்று பொருள் உண்டு. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றளவும் அதுவே வழக்கு. இந்திர விழா வருவதை யானையின் பிடரில் முரசேற்றி நகருக்கு அறிவித்த செய்தியை மணிமேகலை கூறுகிறது. அறிவிப்பவருக்கு அன்றிருந்த அச்சிறப்பு பிற்காலத்தில் நம் முன்னோருக்குக் கிட்டவில்லை. ஊர்களில் தண்டோரா போடும் பணி அவர்கள் மீது சுமத்தப்பட்டது. ‘இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்’ என்று தெருமுனைதோறும் நின்று அவர்கள் அறிவித்தார்கள். இறப்புச் செய்தியை உறவினர் ஊர்களுக்கு நடந்தே சென்று சொல்லும் கடமையும் அவர்களுடையதாகவே இருந்தது. தாம் நுழைய இயலாத கோயிலின் திருவிழாவை அறிவித்தார்கள். தமக்குப் பங்கில்லாத ஏரியின் மீன் ஏலத்தை அறிவித்தார்கள்.

இப்பொழுது ஷானனின் படத்தில் அவர்களை வைத்துப் பாருங்கள். செய்தியின் மூலம் அவர்கள் அல்லர். ஊர்ப் பெரியதனக்காரரே மூலம். செய்தி சேரும் இடமும் அவர்கள் அல்லர். அவர்களுக்காக அச்செய்தி விடுக்கப்படவில்லை. அவர்கள் வழியாக மட்டுமே இருந்தார்கள். தந்திக் கம்பிக்கு எந்த இடமோ அந்த இடம் மனிதருக்கு அளிக்கப்பட்டது. கம்பி தான் சுமக்கும் செய்தியைப் பற்றிக் கருத்துச் சொல்லாது. அதனிடம் எவரும் கருத்துக் கேட்பதுமில்லை. தண்டோராவில் பின்னூட்டம் கிடையாது. கோடு உண்டு, வட்டம் இல்லை.

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதி, தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடுமாறும், வண்டிகளில் ஒலிபெருக்கி பொருத்தி அறிவிக்குமாறும் கேட்டுக்கொண்டார். வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்த பின்னரும் அந்த ஆண்டு வரை அப்படியொரு கடிதம் தேவைப்பட்டது என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பறை என்னும் இசைக்கருவியில் இழிவு இல்லை. இன்று அதைப் பெருமையோடு மேடையேற்றும் இளைஞர்களும் பெண்களும் அதை மெய்ப்பித்து வருகிறார்கள். இழிவு கட்டாயத்தில் இருந்தது. சொல்ல வாய் இருந்தும் சொந்தச் சொல் மறுக்கப்பட்டதில் இருந்தது.

அப்படியானால் நம் முன்னோர் தம் சொந்தச் செய்தியைச் சொன்னதே இல்லையா? சொன்னார்கள். அதற்கான சான்று மார்க்கெட்டை ஒட்டிய வீதியின் பெயரிலேயே இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக விளங்கியவர். துபாஷி என்றால் இரு மொழியாளர். ஒருவர் குறியை மற்றவர் குறியாக மாற்றித் தருபவர். செய்தியின் வழியில் நின்றபோதிலும் அவர் செல்வாக்கின் உச்சியில் இருந்தார். தண்டோராக்காரரும் வழியில்தான் நின்றார். இருவருக்கும் இடையே இருந்த தொலைவைப் பெர்லோ சொன்ன சமூக அமைப்பே அளந்து வைத்தது.

1736 முதல் 1761 வரையிலான நிகழ்ச்சிகளைக் கொண்ட அவருடைய நாட்குறிப்பில், 1745ஆம் ஆண்டுப் பகுதியில், நம்மைப் பற்றிய ஒரு செய்தி உள்ளது. இந்நகரக் கிறித்தவக் கோயிலில் நம் மக்களைப் பிரித்து வைக்க உள்ளே ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. சேரிகளைச் சேர்ந்த மக்கள் ஒன்றுகூடிச் சென்று மூத்த பாதிரியாரிடம் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்களாயின் எங்களுக்கு மட்டும் ஏன் இந்த வேறுபாடு என்பதே அவர்கள் வினாவின் சாரம். பாதிரியார் அதைக் கேட்டார், சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் அதை எதிர்த்தார்கள் என்பதும் அக்குறிப்பிலிருந்து தெரிகிறது. ஒரு சுவர் வீழ்ந்ததால் வேற்றுமை ஒழிந்துவிடவில்லை. எனினும் அன்று அவர்கள் பிறர் செய்தியைச் சுமந்து செல்லவில்லை, தம் செய்தியைத் தாமே சொன்னார்கள், மறுமொழியும் பெற்றார்கள். கோடு ஒரு நாளாவது வட்டமாயிற்று.

ஆனால் ஒன்றை நாம் கருத வேண்டும். அச்செய்தி நம்மை வந்தடைந்தது அவர்கள் எழுதி வைத்ததால் அன்று. துபாஷி ஒருவர் எழுதி வைத்ததால். அவர் எழுதாமல் விட்ட நாட்களில் நம் முன்னோர் என்னென்ன கேட்டார்கள், எவ்வெவ்வாறு கேட்டார்கள் என்பதை அறிய வழியில்லை. பேச்சு காற்றோடு போகும், எழுத்து நிற்கும். கல்வியின் தேவை இங்கேதான் வந்து நிற்கிறது.

இவ்வுண்மையை உணர்ந்த பெரியோர் எழுத்தைக் கையில் எடுத்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். இழிசொல்லாக வீசப்பட்ட பெயரையே இதழின் முகப்பில் பொறித்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். பின்னர் அது ‘தமிழன்’ ஆயிற்று. அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று மராத்தி மொழியில் ‘மூக் நாயக்’ இதழை வெளியிட்டார். ஊமையரின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். இவ்விதழ் வெளிவருவதைப் பற்றிய விளம்பரத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டும் வெளியிடக் ‘கேசரி’ ஏடு மறுத்துவிட்டது என்று அண்ணலின் வரலாறு கூறுகிறது. செய்தியின் வழியில் நின்று எதை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவு செய்பவரை வாயிற்காவலர் என்று தொடர்பியலார் அழைப்பர். அண்ணல் வாயிற்காவலரிடம் மன்றாடிக்கொண்டு நிற்கவில்லை. வேறொரு வாயிலைத் தாமே திறந்தார்.

இனி நம் காலத்திற்கு வருவோம். சொல்லும் உரிமை நமக்குச் சட்டப்படி உண்டு. ஆனால் நமக்காக விடுக்கப்படும் செய்தி நம்மை வந்து சேர்கிறதா? பட்டியல் இன மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை இந்நாட்டில் 1944 முதல் இருந்து வருகிறது. அதற்கான அறிவிப்பு ஆண்டுதோறும் பலகையில் ஒட்டப்படுகிறது; இன்று இணையத்திலும் வெளியாகிறது. அனுப்பியவர் தம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறார். ‘சான்றொப்பமிட்ட நகல்’ என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆளில்லாத முதல் தலைமுறை மாணவர் கடைசி நாளைத் தவறவிடுகிறார். வீவர் சொன்ன முதற்படியில் செய்தி சேர்ந்துவிட்டது. இரண்டாம் படியில் நின்றுவிட்டது. அலுவலக மொழி நம் வீடுகளுக்கு இன்னும் ஒரு குழூஉக்குறியாகவே இருக்கிறது. ஆசிரியர் பணியில் உள்ள நாம் அனைவரும் இதைக் கண்கூடாகக் காண்கிறோம்.

ஆகவே இளைஞர்களுக்குச் சில கடமைகளை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலாவதாக, அலுவலக மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றதை நம் தெருவுக்குப் புரியும் தமிழில் மாற்றிச் சொல்லுங்கள். ஒவ்வொரு தெருவிலும் விண்ணப்பத்தைப் படித்துப் பொருள் சொல்ல ஒருவர் இருப்பாராயின், நம் மக்களுக்கு அவரே துபாஷி. செல்வாக்குக்காக அன்றி, உறவுக்காகச் செய்யும் துபாஷித் தொழில் இது.

இரண்டாவதாக, மறுமொழி கேளுங்கள். விண்ணப்பம் கொடுத்ததோடு நின்றுவிட்டால் அது ஒருவழிக் கோடு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், குடிமகன் எழுதிக் கேட்டால் பொதுவாக 30 நாட்களுக்குள் அரசு அலுவலகம் விடை தர வேண்டும் என்கிறது. கோட்டை வட்டமாக்கும் கருவி அது. கேள்வி கேட்பது பணிவின்மை ஆகாது. பெரிய மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்கு விலை கேட்டுப் பேரம் பேசும் நம் தாய்மார்கள், அலுவலகச் சாளரத்தின் முன் வாய் மூடி நிற்பது ஏன்? அங்கே பேசத் தகாது என்று பல தலைமுறைகள் பழக்கிவிட்டன. அப்பழக்கமே அவர்கள் உள்ளத்தில் புகுந்த இரைச்சல்.

மூன்றாவதாக, கேட்கப் பழகுங்கள். கைப்பேசி வந்த பின்னர் ஒவ்வொருவரும் அனுப்புநராகிவிட்டோம். வந்ததை ஆராயாமல் அப்படியே பிறருக்குத் தள்ளிவிடுகிறவர், தம்மைத் தாமே மீண்டும் கம்பியாக்கிக்கொள்கிறார். நம் முன்னோர் வேறு வழியின்றிப் பிறர் செய்தியைச் சுமந்தார்கள். நாம் விரும்பியே அதைச் செய்யலாமா? இதைச் சொன்னவர் யார், இதனால் யாருக்குப் பயன் என்று லாஸ்வெல்லின் வினாக்களைக் கேட்ட பின்னரே அடுத்தவருக்கு அனுப்புங்கள்.

நான்காவதாக, எழுதுங்கள். பெரியவர்களிடம் கேட்டு, நம் தெருவின் வரலாற்றையும், முதன்முதலாகப் பள்ளி சென்ற பெண்ணின் கதையையும், கூலி உயர்வு கேட்ட நாளையும் எழுதி வையுங்கள். இலக்கணப் பிழை நேருமே என்று அஞ்ச வேண்டாம். பிழையைத் திருத்த ஆசிரியர்கள் இருக்கிறோம். எழுதப்படாத வாழ்க்கையைத் திருத்தவோ மீட்கவோ எவராலும் இயலாது.

இக்கழகம் 25 ஆண்டுகளாக நடத்தி வரும் மாலை வகுப்பும் நூலகமும் இந்நான்கு பணிகளுக்கும் நிலைக்களம். நூலகத்தில் பிறர் எழுதிய நூல்கள் நிறைய உள்ளன. நம் இளைஞர்கள் எழுதிய நூல்களுக்கென்று ஓர் அடுக்கை இன்றே ஒதுக்கி வைக்குமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அது சிறிது காலம் வெறுமையாக இருந்தாலும் இருக்கட்டும். வெற்று அடுக்கும் ஒரு செய்தியே; அதைக் காணும் ஒவ்வொருவரிடமும் அது மறுமொழி கேட்டு நிற்கும்.

வாழ்க கல்விக் கழகம்! வளர்க நம் இளைஞர் கூட்டம்!